முதல் கீமோ: இருபத்தோரு நாள் கணக்கு

பயாப்சி முடிவு வந்த அன்று தாள் என் கைக்கு வரவில்லை. வீட்டுக்காரரும் என் தம்பியும் ஆய்வகத்து வாசலிலேயே படித்துவிட்டு, "சின்னக் கட்டிதான், மருந்தில் கரைந்துவிடும்" என்றார்கள். இரண்டு நாள் நம்பினேன். மூன்றாம் நாள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் உறை அகப்பட்டது. கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறவளிடம் ஒரு தாளை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. 'கார்சினோமா', அதாவது புற்றுநோய், என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்திருந்தது. தம்பியின் வேலை.

ஆகவே முதல் படி வீட்டாருக்குத்தான்: நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் 'அந்த வியாதி' என்று குரலைத் தாழ்த்துவது அன்பினால்தான், தெரியும். ஆனால் காய்ச்சல் அடித்தால் உடனே சொல்ல வேண்டியவரும், நரம்பில் எரிச்சல் வந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டியவரும் நோயாளிதான். என்ன நோய் என்றே தெரியாதவருக்கு எது ஆபத்து, எது சாதாரணம் என்று எப்படித் தெரியும்? எல்லா விவரமும் வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். அறுவைக்கு முன்பே கீமோ, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. முதலில் கொடுத்தவை டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகள். வேறு புற்றுநோய்க்கு வேறு மருந்து, வேறு கணக்கு. கீழே இருப்பதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். முதல் கீமோவிலிருந்து இரண்டாம் கீமோ வரை உள்ள இருபத்தோரு நாளை மட்டும் ஒழுங்காகப் படித்துக்கொண்டால், அடுத்த சுற்றில் எந்த நாள் என்ன செய்யும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கீமோவுக்கு முந்தைய வாரம்

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வலது பக்கம் தேதி, கீமோவிலிருந்து எத்தனையாம் நாள், காலை மாலை காய்ச்சல் அளவு, சாப்பிட்டது, மலம் கழித்ததா, மாத்திரை. இடது பக்கம் காலியாக இருக்கட்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நினைவுக்கு வரவர அங்கே எழுதுங்கள். அவர் எதிரே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். எனக்கு என் வயதே மறந்துபோனது.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: நோய் எந்த நிலையில் இருக்கிறது, இந்தச் சிகிச்சை குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா, மொத்தம் எத்தனை சுற்று, அறுவையும் ரேடியேஷனும் (ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள்) உண்டா, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடரலாமா. இனிக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதானால், கருமுட்டையையோ விந்தணுவையோ சேமித்து வைப்பது பற்றிக் கீமோவுக்கு முன்பே கேட்டாக வேண்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் பிறகு கேட்டுப் பயனில்லாமல் போகலாம். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம்: இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது? அந்த எண்ணை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பல்லில் சொத்தையோ ஈறில் சீழோ இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு இப்போதே பல் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கியிருக்கும் நாட்களில் பல் பிடுங்க முடியாது. டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வீண் செலவு என்று முணுமுணுக்க வேண்டாம், நான் முணுமுணுத்தேன். கை நரம்பு மெலிந்தவர்கள் கீமோ போர்ட் பற்றிக் கேளுங்கள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் சிறு குமிழ் அது. ஒவ்வொரு முறையும் நரம்பைத் தேடிக் கை முழுவதும் குத்துவதிலிருந்து விடுதலை.

பயாப்சி எடுத்த இடத்திலிருந்து ஸ்லைடுகளையும், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்டால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள். அந்த பிளாக் மெழுகால் ஆனது, வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள்.

பணம்

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும் திட்டம் அது. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். இது காசு கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். மருத்துவமனை முன்அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை தொடங்கும். ஆகவே முதல் டிரிப்புக்குக் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், சேரும் நாளன்றே காப்பீட்டு மேஜைக்குப் போங்கள்.

வெளியூரிலிருந்து சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை; துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மங்கலான முத்திரையால் கவுன்ட்டரிலிருந்து திரும்பி வந்தவள் சொல்கிறேன்.

கீமோ அன்று

காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறு வேண்டாம். ஆனால் ஒன்று: உங்களுக்கு மிகப் பிடித்த உணவை அன்று சாப்பிடாதீர்கள். பிறகு வரும் குமட்டலை உடம்பு அந்தச் சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டுவிடும். நான் அன்று காலை இரண்டு டம்ளர் டிகாக்ஷன் காபி குடித்துவிட்டுப் போனேன். ஏழு மாதம் காபி வாசனை வந்தாலே வாசலுக்கு ஓடினேன். கும்பகோணத்தில் பிறந்தவளுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது.

தளர்ந்த கையுள்ள ரவிக்கையோ முன்பக்கம் திறக்கும் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். சால்வை எடுத்துச் செல்லுங்கள். கீமோ ஏற்றும் டே கேர் அறைகளில் குளிர் அதிகம். குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்றை டிரிப் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டியிருக்கும். அதை முந்திய நாளே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

முதலில் குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் ஊசிகள் போடுவார்கள். ஸ்டீராய்டு ஊசி வேகமாக ஏறினால் மறைவிடத்தில் சில வினாடிகள் சுருக்கென்று அரிக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லவும் கூசுகிறது போலிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, தானே போய்விடும். பிறகு சிவப்பு மருந்தான டாக்சோரூபிசின் வரும். ரோஸ்மில்க் நிறம். அதை நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிஞ்சால் மெதுவாக ஏற்றுவார். அந்த நேரத்தில் ஊசி குத்திய இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ, ஒரு துளி சந்தேகமானாலும், அந்த நொடியே சொல்லுங்கள். அந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். பொறுத்துக்கொள்வது நல்ல குணம் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் அது கெட்ட குணம். இரண்டாவது மருந்து டிரிப்பில் ஏறும்போது மூக்குக்குள் குறுகுறுப்பு வரலாம். டிரிப்பின் வேகத்தைக் குறைத்தால் அடங்கும்.

அன்று இரவு சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். ஓரிரு நாளுக்கு மேலும் சிவப்பாகவே இருந்தாலோ, கழிக்கும்போது எரிந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் நான்கு நாள்

முதல் 48 மணி நேரம் உடம்பிலிருந்து வெளியேறும் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். கழிப்பறையை மூடி போட்டு இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள். ஊற்றும் வாளியானால் தாராளமாக ஊற்றுங்கள். ஆண்களும் உட்கார்ந்தே போவது நல்லது. அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்த வேலையைத் தொட வேண்டாம். அதற்காகத் தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கி வைக்காதீர்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கலாம்.

இதயத்திலோ சிறுநீரகத்திலோ தடை இல்லையென்றால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையில் தங்கிப் புண்ணாக்காமல் இருக்கத்தான் இது. சொம்பில் அளந்து வைத்துக்கொண்டால் ஏமாற்ற முடியாது.

குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடாதீர்கள். எழுதித் தந்த நேரப்படி கடிகாரம் பார்த்துப் போடுங்கள். அந்த மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். மூன்றாம் நாள் நான் கீமோவைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன். முதல் நாளே மலமிளக்கும் மருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எனிமா மட்டும் கூடாது. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த நாட்களில் வீட்டிலேயே அளந்து பார்ப்பது அவசியம். ஸ்டீராய்டு நின்ற அடுத்த நாள் உடம்பு தடாலென்று சரியும். எனக்கு நான்காம் நாள் அப்படி. காரணமில்லாமல் அழுகையும் வந்தது. அதற்குக் காரணம் மனதில் இல்லை, மருந்துப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த சுற்றில் அன்று யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை.

சாப்பாடு. தாளிக்கும் வாசனைதான் முதல் எதிரி. சமையலறைக் கதவை மூடி, சமைத்து ஆறிய பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். சூடாக இருக்கும் சோற்றைவிட ஆறிய சோற்றில் வாசனை குறைவு. வாயில் துருப்பிடித்த ருசி வரும். எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் ஓரங்கட்டிவிட்டு வாழை இலைக்கு மாறினேன், பாதி தொல்லை போயிற்று. மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, கைப்பிடி கைப்பிடியாக. இடியாப்பம், இட்லி, பருப்புக் கடைசல், நன்றாக வெந்த முட்டை, காரமில்லாத ரசம். மாமியார் தினமும் எலுமிச்சங்காய் ஒன்றைக் கீறித் தலைமாட்டில் வைப்பார். திருஷ்டிக்கு என்று அவர் நினைத்தார். குமட்டலுக்கு என்று நான் நினைத்தேன். இருவருக்கும் திருப்தி.

வாய்ப்புண் வருமுன்பே கொப்பளிக்கத் தொடங்குங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அதில் பாதி உப்பு, நாளுக்கு நான்கைந்து முறை. மிருதுவான பிரஷ்ஷுக்கு மாறுங்கள்.

ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் வாரம் கழிந்ததும் உடம்பு தெளிந்தாற்போல இருக்கும். அப்போதுதான் உள்ளே வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். 'கவுண்ட் இறங்கிவிட்டது' என்று வார்டில் பேசிக்கொள்வது இதைத்தான். வாசலில் காவல் இல்லாத வீடு. சாதாரண நாளில் உடம்பே விரட்டிவிடும் கிருமி இப்போது ரத்தத்தில் பரவி ஒரே இரவில் உயிருக்கு உலை வைக்கும்.

பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு எனக்குக் குளிர் எடுத்தது. தெர்மாமீட்டரில் 100.8. வீட்டுக்காரர் ஒரு பாராசிட்டமால் கொடுத்தார், போர்வை போர்த்தினார். ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. 'சரியாகிவிட்டது' என்று இருவரும் தூங்கிவிட்டோம். விடியற்காலை கழிப்பறைக்கு எழுந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் கீமோ எடுத்தவள் என்று சொல்லியும் டோக்கன் வரிசையில் உட்காரவைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளை அணு 900. சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டியது. ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்.

அந்தப் பாராசிட்டமால் காய்ச்சலைக் குணமாக்கவில்லை, மறைத்துவிட்டது. எனவே:

காலையும் மாலையும் காய்ச்சல் அளந்து நோட்டில் எழுதுங்கள். குளிர் எடுத்தால் எந்த நேரமானாலும் அளங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் மாத்திரை போடாமல் அந்த இரவு எண்ணைக் கூப்பிட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108. தெர்மாமீட்டர் புதிதாக இருக்கட்டும், கூடவே ஒரு மாற்று பேட்டரி. உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம்: "கீமோ எடுத்துப் பத்து நாளாகிறது, காய்ச்சல் இருக்கிறது, கவுண்ட் பார்க்க வேண்டும்." இதையும், நோயின் பெயர், மருந்துகளின் பெயர், கடைசி டிரிப் தேதி ஆகியவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கைபேசி உறைக்குள் செருகி வையுங்கள். மயக்கமானால் அட்டை பேசும். காய்ச்சல் இல்லாமலே மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி பேதி, ஈறிலிருந்து ரத்தம் என்று எது வந்தாலும் இதே விதிதான்.

அடுத்த சுற்றிலிருந்து எனக்குக் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து வெள்ளை அணுவை ஏற்றும் ஊசி போட்டார்கள். வாங்கி வருவதும் வைப்பதும் குளிரிலேயே இருக்க வேண்டும். போட்ட பிறகு இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறிக்கும். எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த வலிக்கும் காய்ச்சல் அளந்து பார்த்துவிட்டு, மருத்துவர் சொன்ன மாத்திரையைத்தான் போட வேண்டும்.

இந்த நாட்களில் எல்லாம் வெந்ததாக, அன்றே சமைத்ததாக இருக்கட்டும். பழைய சோற்றின் பெருமையை நானும் அறிவேன். இரண்டு வாரம் அது காத்திருக்கும். வெளியில் விற்கும் ஜூஸ், வெட்டி வைத்த பழம், மதியம் வரை கிடந்த தேங்காய்ச் சட்னி வேண்டாம். தோலுரிக்கும் வாழைப்பழம், கமலாப்பழம் சாப்பிடலாம். கோயில் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம்.

விசாரிக்க வருகிறவர்களை வீட்டார் வாசலிலேயே சமாளிக்க வேண்டும். இருமுகிறவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் உள்ளே வரக் கூடாது. வருகிற எல்லோரும் ஹார்லிக்ஸோடு ஒரு வைத்தியமும் கொண்டுவருவார்கள். எனக்கு முள்சீத்தா இலைக் கஷாயம் மூன்று வீட்டிலிருந்து வந்தது. எந்தக் கஷாயமும் சூரணமும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கீமோவும் கஷாயமும் அதே கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்பார்கள். சாப்பாடு குறைந்து மெலிவது நீங்கள்தான். "சரி அண்ணி, டாக்டரிடம் கேட்கிறேன்" என்பது யார் மனதையும் நோகடிக்காத பதில்.

முடி

பதினேழாம் நாள் தலையணையில், பிறகு சீப்பில், பிறகு குளியலறைச் சல்லடையில். உச்சந்தலை தொட்டாலே வலித்தது. அதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை. கொத்துக்கொத்தாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எடுத்துவிடுவது மேல் என்பது என் அபிப்பிராயம். சவரக்கத்தி வேண்டாம், கீறினால் கிருமி நுழையும்; மெஷினால் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். தெருமுனைக் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். மகன் பக்கத்தில் நின்று முறத்தில் முடியை ஏந்தினான். ஒரு நன்மை: நம் ஊரில் மொட்டைத் தலைப் பெண்ணைப் பார்த்தால் யாரும் நோயை நினைப்பதில்லை. பஸ்ஸில் ஒரு அம்மாள், "திருப்பதியா, பழனியா?" என்று கேட்டார். பழனி என்றேன். கைகூப்பினார்.

விக் வேண்டுமென்றால் முடி இருக்கும்போதே நிறம் பார்த்து வாங்கிவிடுங்கள். எனக்குப் பருத்தித் துண்டே போதுமாக இருந்தது. வெயிலுக்குப் போட்ட துண்டு இரவில் குளிருக்கும் உதவியது.

இருபதாம் நாள்

ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை தேறியிருந்தால் மறுநாள் இரண்டாவது கீமோ. தேறாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது, நான் ஏதோ தேர்வில் தோற்றுவிட்டதுபோல அழுதேன். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா, ஐந்தாவது சுற்றில் இருந்தவர், என் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "பத்தாம் நாளுக்குச் சிவப்பு மையில் கட்டம் போடு" என்றார். போட்டேன். டிரிப் தேதி தள்ளியதும் ரயில் டிக்கெட்டை ரத்து செய்து, சலுகைப் படிவத்தைப் புதிதாக வாங்கினோம். முத்திரை இந்த முறை தெளிவாக விழுந்திருந்தது.